ஆக்லாந்துக்குப் போன ஹைன்ரிஷ்கள்

ஆக்லாந்து விமான நிலையத்தில் என் பருப்புப் பொடியை முகர்ந்து பார்த்தார்கள். செருப்பின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். முறுக்கு ஒன்றை ஒடித்துக்கூடப் பார்த்தார்கள். வெளியூர் மண்ணோ விதையோ கிருமியோ உள்ளே வந்துவிட்டால் இந்த நாட்டு விவசாயம் நாசமாகிவிடுமாம். பெட்டியின் அடியில் மடித்து வைத்திருந்த என் சொற்பொழிவை மட்டும் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. அதைப் பறிமுதல் செய்துவிட்டு முறுக்கை முழுசாக விட்டிருந்தால் எல்லோருக்கும் நல்லதாகப் போயிருக்கும்.

கோயம்புத்தூரில், ஜெர்மனிக்குப் போகத் துடிக்கும் என்ஜினீயர்களுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவன் நான். யாரும் கேட்காமலேயே, ரோய்ஸ் என்ற ஜெர்மன் குறுநில மன்னர் குடும்பத்தைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகமும் எழுதியிருக்கிறேன். வாங்கியவர்களில் பெரும்பாலோர் என் மாணவர்கள். பரீட்சைத் தாளைத் திருத்துவது நான்தானே. அந்தப் புத்தகத்தை நம்பி ஒரு தமிழ்ச் சங்கம் என்னைக் கடல் கடந்து அழைத்ததற்குக் காரணம், வருவதாக இருந்த சினிமா நடிகர் கடைசி நேரத்தில் கைவிரித்ததுதான். சங்கத் தலைவர் ராமநாதன் ஒரு காலத்தில் ஜெர்மனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர், அவர் அலமாரியில் என் புத்தகம் இருந்திருக்கிறது. ஊரிலிருந்து ஒரு ஆள் வர வேண்டும், அவருக்குப் பொன்னாடை போர்த்தத் தோள் இருக்க வேண்டும். இந்த இரண்டு தகுதியும் எனக்கு இருந்தன.

அழைத்துப் போக வந்தவர் சங்கச் செயலாளர் யோகநாதன். யாழ்ப்பாணத்துக்காரர். ஊரின் மேற்கே ஹென்டர்சனில் ஜன்னல் கதவு செய்யும் பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளர். பெட்டியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, வழியெல்லாம் சங்கத்தின் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். போன பொங்கல் வரைக்கும் அது ஒரே சங்கம். பொங்கல் விழாவில் குத்துவிளக்கு ஏற்ற ஆறு பிரமுகர்களை மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். விளக்குக்கு ஐந்து முகம். ஆறாவது ஆளாக நின்றவர் அப்போதைய பொருளாளர் பாலச்சந்திரன். அவரைக் கற்பூரம் ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள். அவர் தீப்பெட்டியை மேடையிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். சங்கத்தில் பாதி அவர் பின்னால் போனது. பெரிய சோற்றுக் குக்கரும் போனது. அதன் மூடி மட்டும் ராமநாதன் வீட்டில் இருந்ததால் பழைய சங்கத்திலேயே தங்கிவிட்டது. இன்றைக்கும் அந்தக் குக்கரில் புதிய சங்கம் ஈயத்தாளைப் போர்த்திச் சமைப்பதாக யோகநாதன் கவலையோடு சொன்னார்.

கேட்டதும் எனக்கு ஒரே புளகாங்கிதம். ரோய்ஸ் குடும்பத்தை அறிந்தவன் வேறெப்படி ஆவான்? இப்போதைய ஜெர்மனியின் கிழக்குப் பக்கம், மலையும் காடுமாக ஒரு துண்டு நிலம். அதை ஆண்ட அந்தக் குடும்பத்தில் பிறந்த ஆண் பிள்ளைகள் எல்லோருக்கும் ஹைன்ரிஷ் என்றே பெயர். அப்பா, மகன், தம்பி, சித்தப்பா, சித்தப்பா மகன் எல்லோருமே ஹைன்ரிஷ்தான். ஆளைப் பிரித்துச் சொல்ல எண் போட்டார்கள். பட்டத்துக்கு வந்தவனுக்கு மட்டுமில்லை, தொட்டிலிலேயே செத்துப்போன குழந்தைக்கும் எண் உண்டு. ஒரு கிளை நூறு வரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவது என்று வைத்துக்கொண்டது. இன்னொரு கிளை, புது நூற்றாண்டு பிறந்தால் ஒன்றிலிருந்து தொடங்கியது. பெயரைத்தான் பங்கு போடவில்லை. மண்ணைப் பங்கு போட்டுத் தள்ளினார்கள். மூத்த கிளை, நடுக்கிளை, இளைய கிளை என்று மூன்றாகப் பிரிந்து, நடுக்கிளை வாரிசில்லாமல் போக, மீதி இரண்டும் தங்களுக்குள் மேலும் பிரிந்தன. கிரைட்ஸ் என்று ஒரு சின்ன ஊர். அதில் மலைமேல் ஒரு மாளிகை, கீழே ஆற்றோரம் ஒரு மாளிகை. மேலே ஒரு ஹைன்ரிஷ், கீழே ஒரு ஹைன்ரிஷ், ஒரே ஊரில் இரண்டு அரசு.

அன்று இரவு, நான் தங்கிய ஹென்டர்சன் வீட்டில், யோகநாதனின் மனைவி சுகந்தி இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் மாசிக் கருவாட்டுச் சம்பலும் போட்டார். இந்த ஊர் வீடுகளில் வெளியே இருப்பதைவிட உள்ளே குளிர் அதிகம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு சாப்பிட்டேன். சாப்பிட்டு முடிந்ததும் பச்சை நிறத்தில், கொய்யாவுக்குத் தூரத்துச் சொந்தம் போல ஃபெய்ஜோவா என்று ஒரு பழம் வந்தது. கரண்டியால் தோண்டித் தின்ன வேண்டும். முதல் பழம் அமிர்தமாக இருந்தது. நாலாவது பழத்தில், எதற்காக இதை வாளி வாளியாக வைத்திருக்கிறார்கள் என்பது புரிந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை ராமநாதன் வீட்டில் விருந்து. அவர் இருப்பது ஊரின் வடக்கே ஆல்பனியில். நான் இருந்தது மேற்கே. தனியாகவே போய்விடுவேன் என்று வீறாப்பாகக் கிளம்பினேன். தண்டவாளத்தில் ஏதோ வேலையாம், ரயில் இல்லை, பதிலுக்கு பஸ் விட்டிருந்தார்கள். அதில் எதிர்த்திசையில் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஊரே முடிந்து திராட்சைத் தோட்டம் வந்தபோதுதான் சந்தேகம் தட்டியது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு வெள்ளைக்காரப் பாட்டிமார்களில் ஒருத்தி மற்றவளிடம், இந்த வருஷம் ஃபெய்ஜோவாவைச் சும்மா கொடுத்தாலும் யாரும் வாங்குவதில்லை, அடுத்த வீட்டு வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன் என்றாள். மற்றவள், என் வாசலிலும் யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

இங்கே பஸ்ஸை விட்டு இறங்கும்போது எல்லோரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்கிறார்கள். கோயம்புத்தூர் காந்திபுரத்தில் ஓட்டுநரிடம் நாம் சொல்வதை அச்சில் போட முடியாது. நானும் நன்றி சொல்லி இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று வேறு பஸ் பிடித்து, துறைமுகப் பாலத்தைக் கடந்து, ஆல்பனி போய்ச் சேர்ந்தபோது விருந்து ஆறிப்போயிருந்தது. ராமநாதன் சாம்பாரைச் சூடுபண்ணச் சொல்லிவிட்டு, தன் போனில் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். பொங்கல் மேடைப் படம். விளக்குக்கு ஐந்து முகம்தான் என்பதற்கு அது சாட்சி. எண்ணிப் பார்க்கச் சொன்னார், எண்ணினேன்.

"விளக்குக்கு அஞ்சு முகம்தானே சார் இருக்கு. நான் என்ன பண்ண முடியும்?" என்றார்.

கூப்பிட்டது ஆறு பேரையாயிற்றே என்று கேட்டேன். சாம்பார் சூடாகிவிட்டதா என்று பார்க்க எழுந்து போனார்.

சனிக்கிழமை சுகந்தியோடு சான்ட்ரிங்ஹாம் பகுதிக்குப் போனேன். தெரு முழுக்க நம் மளிகைக் கடைகள், தோசைக் கடைகள். பொள்ளாச்சி இளநீர் தவிர எல்லாம் கிடைக்கிறது. நடுவில் ஒரு பொது மண்டபம். அதில்தான் சுகந்தி பல வருஷமாகச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்துகிறார். வாரம் முழுக்க ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை, சனிக்கிழமை இது. சம்பளம் கிடையாது. பொங்கலுக்குப் பிறகு, பாலச்சந்திரனின் புதிய சங்கமும் அதே மண்டபத்தில், அதே நேரத்தில், நடைக்கு அந்தப் பக்கத்து அறையில் தனியாக ஒரு வகுப்பு தொடங்கிவிட்டது. இரண்டு அறைக்கும் கண்ணாடிக் கதவு. இந்த அறையில் ஆரணி என்று ஒரு சிறுமி, அந்த அறையில் அவளுடைய தோழி மீரா. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்களாம். இங்கே அப்பாக்களின் சங்கம் வேறு. இரண்டு கண்ணாடிக்கும் இடையில் இரண்டும் கையால் ஏதோ பேசிக்கொண்டன. எந்த மொழி என்று கேட்காதீர்கள். அந்த அறையில் ஆசிரியர் யாரும் அகப்படாததால் ஒரு அப்பா போனில் பாட்டுப் போட்டுவிட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

கிரைட்ஸின் இரண்டு மாளிகைகளையும் நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். நேரில் பார்க்க இத்தனை தூரம் வர வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை.

வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனதும் சுகந்தி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து பழைய சங்க உறுப்பினர்களின் பிள்ளைகளை மட்டும்தான் சேர்க்க வேண்டும் என்று ராமநாதன் சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து இன்னும் இவரிடமே வந்துகொண்டிருக்கும் பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பினால் மிஞ்சுவது ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடிக்கு எதற்கு மண்டபம் என்று வகுப்பையே மூடிவிடுவார்கள்.

"இந்தப் பிள்ளையள் கிழமைக்கு ஒருக்கா இந்த ரெண்டு மணித்தியாலம்தான் ஐயா தமிழ் கதைக்கிறது. வீட்டில நாங்க தமிழில கேட்டா இங்கிலீஷில பதில் வரும். இதையும் பிரிச்சா ஒண்டும் மிஞ்சாது. நாளைக்கு உங்கட பேச்சைக் கேக்க ரெண்டு பக்கமும் வரும். இதை அவையளுக்கு விளங்கப்படுத்துவியளோ?"

என் சொற்பொழிவே அதுதான் அம்மா, கேட்டுவிட்டு வெட்கப்பட்டு ஒன்றுசேர்ந்துவிடுவார்கள் என்றேன். நான் அப்படிச் சொன்னதை அவர் நம்பினார். அதைவிட மோசம், நானும் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. ஊரிலிருந்து வந்தவர் பொது ஆள் என்பதால் புதிய சங்கத்தாரும் வந்து வலதுபக்கம் உட்கார்ந்தார்கள். பழையவர்கள் இடதுபக்கம். நடுவில் ஒரு லாரி போகும் அளவுக்கு வழி. ஐந்து முக விளக்கை இந்த முறை நான் ஒருவனே ஏற்றினேன். ஐந்து திரிக்கும் மாறி மாறிக் கையை நீட்டியதில் ஜிப்பாவின் கை கருகியது.

நன்றாகத்தான் பேசினேன். எல்லோரும் ஹைன்ரிஷ் என்றதும் சிரித்தார்கள். நூறு வரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்று என்றதும் கைதட்டினார்கள். ஒரு ஊர், இரண்டு மாளிகை, இரண்டு அரசு என்று நான் அழுத்தம் திருத்தமாகச் சொன்னபோது இடதுபக்கம் வலதுபக்கத்தைப் பார்த்துச் சிரித்தது. வலதுபக்கம் இடதுபக்கத்தைப் பார்த்துச் சிரித்தது. கடைசியில், முதல் உலகப் போர் முடிந்து ஜெர்மனியில் முடியாட்சியே ஒழிந்தபோது மூத்த கிளை, இளைய கிளை இரண்டும் ஒரே மாதத்தில் வீட்டுக்குப் போயின, யார் மூத்தவர் என்று அப்போது யாரும் கேட்கவில்லை என்று முடித்தேன். சுகந்தி கையைத் தூக்கினார்.

"இவ்வளவு பேர் பிரிச்சுப் பிரிச்சு ஆண்டவையே ஐயா, அங்க இருந்த சனத்துக்கு என்ன நடந்தது?"

என் புத்தகத்தில் ஹைன்ரிஷ்கள் அத்தனை பேரும் இருக்கிறார்கள். சனங்கள் இல்லை. வரி கட்டினார்கள் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அதற்கும் சிலர் சிரித்தார்கள்.

நன்றியுரைக்கு ராமநாதன் எழுந்தார். ஒரு அரிய வரலாற்று உண்மையை நான் விளக்கிவிட்டதாகச் சொன்னார். ஒரு குடும்பம் பிரிகிறபோது மூலக் குடும்பத்துக்கு மூத்த கிளை என்கிற தகுதி உண்டு என்பது ஐரோப்பாவிலேயே வழக்கமாக இருந்திருக்கிறது, ஆகவே இனிமேல் நம் சங்கத்தின் பெயருக்கு முன்னால் "மூத்த" என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்வோம் என்றார். இடதுபக்கம் எழுந்து நின்று கைதட்டியது. பிறகு எனக்குப் பொன்னாடை போர்த்தினார். கழுத்தைச் சுற்றி இறுக்கிவிட்டது போலத்தான் இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் பாலச்சந்திரன் என்னைச் சான்ட்ரிங்ஹாமில் ஒரு தோசைக் கடைக்கு அழைத்தார். இவர் கணக்காளர், யாழ்ப்பாணத்துக்காரர், மென்மையாகப் பேசுகிறவர். குக்கர் மூடிப் பேச்சை மட்டும் தவிர்த்துவிட வேண்டும். மசால் தோசை நம் கோயம்புத்தூர் ஓட்டல்களின் முறுகலுக்கு வராது என்றாலும் குறை சொல்ல முடியாது. பாதித் தோசையில் அவர் குரலைத் தாழ்த்தி, அந்த ஜெர்மன்காரர்களில் எந்தக் கிளையின் நிலம் பெரிது என்று கேட்டார். உண்மையைச் சொல்லித்தானே ஆக வேண்டும். இளைய கிளையினுடையதுதான் பெரியது என்றேன். மனுஷர் முகம் குழிப்பணியாரம் போல உப்பியது. இன்னொரு வடை கொண்டுவரச் சொன்னார். சுகந்தி டீச்சர் தங்கள் பக்கம் வந்தால் தலையில் தூக்கி வைத்துக்கொள்வதாகவும், ஆனால் மூத்தவர்களின் பிள்ளைகளைக் கூட்டி வரக் கூடாது என்றும் சொல்லிவிடச் சொன்னார். "மூத்தவர்கள்" என்று அவரும் சொல்லத் தொடங்கிவிட்டதைக் கவனித்தேன். அதாவது என் உரையால் விளைந்த பலன், இதுவரை பெயரில்லாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்களுக்குப் பரம்பரைப் பட்டம் கிடைத்ததுதான்.

வீட்டுக்குத் திரும்பிச் சுகந்தியிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அடுத்த நாள் வேலை முடிந்து நேராக மண்டபத்துக்குப் போய், சனிக்கிழமை நேரத்தைத் தன் பெயருக்குக் கேட்டிருக்கிறார். தனி ஆளுக்குத் தருவதில்லை, ஏதாவது அமைப்பு வேண்டும், பெயரைச் சொல்லுங்கள், பதிவைப் பிறகு காட்டலாம் என்று அங்கிருந்த பெண் இரக்கப்பட்டுச் சொன்னாளாம். சுகந்தி நின்ற நிலையில் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஆக்லாந்தில் மூன்றாவது தமிழ்ச் சங்கம் அப்படித்தான் பிறந்தது.

இரவுச் சாப்பாட்டில் அதைக் கேட்ட யோகநாதன் கையிலிருந்த புட்டைத் தட்டிலேயே வைத்தார். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து செயலாளர் அவர். நாற்காலி அடுக்கியது, ஹால் கூட்டியது, எல்லாப் பொங்கலுக்கும் பானை தூக்கியது அவர். ராமநாதன்கள் வருவார்கள் போவார்கள், சங்கத்தை விட்டு நான் போக மாட்டேன், இனிப் பிரிகிறவர் முகத்திலும் விழிக்க மாட்டேன் என்று பொங்கல் அன்றே சத்தியம் செய்தவராம்.

"என்ர வீட்டுக்குள்ளயே ஒரு கிளையோ?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் சொதியைக் கிண்டிக்கொண்டிருந்தேன். சுகந்திதான் பதில் சொன்னார். "நான் பிரிக்கேல்லை. நீங்கள் எல்லாரும் பிரிச்சு முடிஞ்ச பிறகு மிச்சத்தைப் பொறுக்கிறன்."

அதற்கப்புறம் அந்த வீட்டில் நான் இருந்த நாட்களில் இரண்டு பேரும் என் மூலமாகப் பேசிக்கொண்டார்கள். உப்புப் போதுமா என்று அவரிடம் கேட்கச் சொல்வார் சுகந்தி. போதும் என்று சொல்லச் சொல்வார் யோகநாதன். நடுக்கிளை எப்படி அழிந்திருக்கும் என்று எனக்கு இப்போது ஓரளவு தெரியும்.

சனிக்கிழமை தொடக்க விழாவுக்கு என்னைத்தான் தலைமை தாங்கச் சொல்லிச் சுகந்தி கேட்டார். சங்கங்கள் பிரிவதைக் கிண்டல் செய்யக் கடல் தாண்டி வந்தவன், மூன்றாவது சங்கத்தைத் திறந்து வைப்பதா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பொன்னாடை உண்டு என்றார். சரி என்றேன்.

கார் ஓட்டியது யோகநாதன்தான். பஸ்ஸை நம்பி என்னை அனுப்ப அவருக்குத் தைரியமில்லை. பின்சீட்டில் வடைப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு சுகந்தி. மண்டபத்துக் கார் நிறுத்துமிடத்தில் யோகநாதன் வண்டியை நிறுத்தினார். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தார். வாசற்படிக்கு வெளியே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நான் உள்ளுக்க வரேலாது ஐயா. நான் மற்றச் சங்கத்துச் செயலாளர். குறை நினையாதையுங்கோ."

குறை நினைக்க நான் யார்? பாத்திரத்தின் ஒரு பக்கத்தை நான் பிடிக்க, மறுபக்கத்தைச் சுகந்தி பிடித்தார். யோகநாதன் திரும்பிப் போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டார். தூறல் தொடங்கியிருந்தது.

உள்ளே, நான் எதிர்பார்த்ததைவிடப் பிள்ளைகள் அதிகம். ஆரணியும் மீராவும் ஒரே நாற்காலியில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோர்களில் பலர், சும்மா பிள்ளையை இறக்கிவிட வந்தோம் என்கிற முகத்தோடு சுவரோரம் நின்றார்கள். விளக்கு கிடையாது. யார் ஏற்றுவது என்ற கேள்வியே வேண்டாம் என்று சுகந்தி கொண்டுவரவில்லை. தலைவர் யார் என்று ஒரு அப்பா மெதுவாக விசாரித்தார். முதலில் பிள்ளையள் பாடட்டும் என்று சுகந்தி அவரை உட்கார வைத்தார்.

தமிழ்மொழி வாழ்த்து தொடங்கியது. எல்லோரும் எழுந்து நின்றோம். பிள்ளைகள் ஆளுக்கொரு சுருதியில் பாடினார்கள். ழகரம் வர வேண்டிய இடத்தில் என்னென்னவோ வந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

கார்க் கதவு திறந்தது. யோகநாதன் இறங்கினார். தொப்பியைக் கழற்றினார். கையை விறைப்பாகக் கீழே விட்டு, மண்டபத்தைப் பார்த்துத் தூறலில் நேராக நின்றார். பாட்டு முடியும்வரை அசையவில்லை. முடிந்ததும் தொப்பியைப் போட்டுக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்கிற மாதிரி உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் திரும்பினேன். சுகந்தியும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் உட்காரப் போனார்கள்.

"சரியாப் பாடேல்லை" என்றார் சுகந்தி. "இன்னொருக்காப் பாடுவம்."

பிள்ளைகள் முனகிக்கொண்டே எழுந்து பாடத் தொடங்கினார்கள். வெளியே கார்க் கதவு மறுபடியும் திறந்தது.